பயத்துக்கு வெட்கப்படாத மனுசி

எங்கள் உப்பளத்தில் மழை வருமா என்று பார்க்க எல்லாரும் கடலைத்தான் பார்ப்பார்கள். அவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பார்ப்பார். தம்பலகாமத்து வயல்களுக்கும் அப்பால், கண்ணுக்கு எட்டாத மலைகள் இருக்கிற திசை அது. பின்னேரம் மூன்று மணியாகிவிட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் நெற்றியில் கையை வைத்து அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அங்கே கொஞ்சம் கறுத்திருந்தால் முகம் செத்துவிடும்.

இடிக்குப் பயம். வேறு எதற்கும் பயந்து நான் கண்டதில்லை. வரம்பில் சுருண்டு கிடந்த புடையன் பாம்பை உப்பு வாரும் பலகையால் தூக்கிப் பற்றைக்குள் எறிந்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துப் போட்டவர். சோதனைச்சாவடிக் காலத்தில், பையைக் கொட்டிக் காட்டச் சொன்ன ஆமிக்காரனிடம், "கொட்டுறேன், நீயே பொறுக்கிக் குடு" என்று சொன்னவர். மனேஜருக்கும் அவர் பயப்படவில்லை. அந்தக் கதை பிறகு வரும். வானம் ஒருமுறை உறுமினால் மட்டும் அந்த நெடிய உடம்பு அப்படியே கூனிப்போகும்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. வரவு இடாப்பில் பல வருசம் என் கையால் எழுதிய பெயர்தான். ஆனால் அவரிடம் கேட்காமல் இங்கே எழுத எனக்கு முகமில்லை. பெண்கள் அவரை மலைநாட்டாக்கா என்பார்கள். கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தைவிட்டு இறங்கி இந்தப் பக்கம் வந்த குடும்பம். முப்பது வருசத்துக்கு மேல் திருகோணமலைத் தண்ணீர் குடித்தும் பேச்சு மாறவில்லை. கோபம் வந்தால் எங்கள் ஆட்கள் அவரைத் தோட்டக்காட்டாள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். மறைத்து என்ன செய்ய?

நான் அங்கே சுப்பவைசர். உப்புவெளிக்கு வடக்கே, கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவில், மரம் மட்டை ஒன்றும் இல்லாத வெட்டவெளியில் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளம் அது. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அந்த விசிலுக்கு அங்கே என்ன அர்த்தம் என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். உலகத்தில் எங்கேயும் வானம் கறுத்தால் மனிதர்கள் உள்ளே ஓடுவார்கள். உப்பளத்தில் வெளியே ஓடுவோம். வாரிக் குவித்த உப்பின்மேல் ஒரு பாட்டம் மழை பெய்தால் பல நாள் உழைப்பு தண்ணீராகப் போய்விடும். அதனால் மேகத்தைக் கண்டதும் நான் விசில் ஊதுவேன். சாப்பிட்டுக்கொண்டு இருந்தாலும் கையை உதறிவிட்டு இருபது பெண்களும் குவியலுக்கு ஓடுவார்கள். ஆளுயரத்துக்கு மேலே நிற்கும் குவியலில் ஏறிக் தென்னோலைக் கிடுகைப் பரப்பி, அதன்மேல் தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடி, நாலு மூலையிலும் மண்மூட்டை வைத்துக் கட்டுவார்கள். இடி தலைக்குமேல் வெடிக்க வெடிக்கக் கட்டியிருக்கிறோம். அது எங்களுக்கு ஒரு பெருமை.

அவர் வேலைக்கு வந்த முதல் வருசம் ஒருநாள் விசில் ஊதினேன். இருபது பேரும் குவியலுக்கு ஓடினார்கள். இவர் கூடையை வரம்பிலே போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினார். உப்பு ஏற்ற வந்த லொறி வாசலில் நின்றது. அதற்குள் ஏறி, கதவை அடித்துச் சாத்தி, கண்ணாடியையும் ஏற்றிவிட்டார். எனக்கு ஏறியது பாருங்கள் ஒரு கோபம்!

"இஞ்ச, என்ன விளையாட்டு இது? மற்றதுகள் எல்லாம் அங்க முறியுதுகள், நீங்கள் லொறிக்குள்ள வந்து குந்தியிருக்கிறீங்கள்!"

கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினார். "உள்ள வாங்க ஐயா. மொதல்ல உள்ள வாங்க. அப்புறம் திட்டுங்க."

"இடி எங்கயோ கந்தளாய்ப் பக்கம் முழங்குது. இதுக்கு இவ்வளவு பயமோ?"

"பயந்தாங்க. பயமா இருக்கறதாலதான் ஓடியாந்தேன்."

"வெட்கமா இல்லையோ?"

"இதுல என்னாங்க வெக்கம்? சத்தம் காதுல விழுந்துருச்சுல்ல. விழுந்துச்சுன்னா அது நம்மள எட்டிப் புடிக்கிற தூரத்துல இருக்குதுன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். லொறி சாரதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் குவியலுக்குத் திரும்பி நடந்தேன். அந்த வேகத்திலேயே அவரை வேலையிலிருந்து நிற்பாட்டியிருப்பேன். ஆனால் மற்ற நேரத்தில் இரண்டு ஆளின் வேலையை ஒரு ஆளாகச் செய்கிறவர். வைத்துக்கொண்டேன்.

அவருக்கு அது வெறும் நடுக்கம் இல்லை, ஒரு கணக்கு என்று போகப்போகத்தான் தெரிந்தது. மின்னினால் உதடு அசையத் தொடங்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணுவார். இடிச் சத்தம் கேட்டதும் எண்ணுவதை நிறுத்துவார். முப்பதுக்குள் சத்தம் வந்துவிட்டால் பிறகு யார் சொன்னாலும் வெளியே நிற்க மாட்டார். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போகும்வரை கதவைத் திறக்கவும் மாட்டார். மழை விட்டு, வெயில் அடித்து, நாங்கள் வேலையைத் தொடங்கிய பிறகும் ஸ்டோருக்குள் சாக்கின்மேல் குந்தியிருப்பார். "வானம் வெளுத்திட்டுது, வாங்கோவன்" என்று கூப்பிட்டால், "போற போக்குல ஒன்னு போட்டுட்டுப் போகும். நீங்க வெவரம் தெரியாம கூப்பிடுறீங்க" என்பார்.

எங்கள் பெண்கள் குந்தி இளைப்பாறுகிற கிடுகுக் கொட்டிலுக்குள் இடி நேரத்தில் அவர் கால் வைத்ததில்லை. நாலு பக்கமும் திறந்த கொட்டில் வெயிலுக்குத்தான், இடிக்கு இல்லை என்பார். ஒன்றில் கதவு சாத்திய சீமெந்து ஸ்டோர், இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய லொறி. ஸ்டோருக்குள்ளும் இரும்பு யன்னலில் சாய விடமாட்டார். சார்ச்சில் கிடக்கிற போனைத் தொட விடமாட்டார்.

எங்கள் பெண்களுக்கோ அவரவர் வழி இருந்தது. இடி இடித்தால் சைவப் பெண்கள் "அருச்சுனா, அருச்சுனா" என்று சொல்லி, பக்கத்தில் கிடக்கிற இரும்பைத் தொடுவார்கள். மேரி சிலுவை போடுவாள். கிண்ணியாவிலிருந்து வருகிற முஸ்லிம் பெண்கள் ஓதிக்கொள்வார்கள். இவ்வளவும் உப்புக் குவியலின் உச்சியில் நின்றுகொண்டு! அவர் ஸ்டோர் வாசலிலிருந்து கத்துவார்: "சாமிய உள்ள வந்து கூப்பிடுங்களேன்டி! அதுக்கு இங்கருந்து கூப்பிட்டாலும் கேக்கும்!"

மேரியைப் பற்றிச் சொல்லவேண்டும். பாத்திகளில் அவளைப்போல் வேகமாக உப்பு வாருகிறவர்கள் இல்லை. வாயும் அப்படித்தான். மலைநாட்டாக்காவுக்கு மிக நெருக்கமும் அவள்தான், அவரை மிக மோசமாகப் பகிடி பண்ணுகிறவளும் அவள்தான். ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். குவியல் மூட ஓடும்போது முதலாவதாக உச்சிக்கு ஏறுகிறவளும் மேரிதான். ஏறி நின்று ஸ்டோர்ப் பக்கம் திரும்பி, "பயந்தாங்கொள்ளி அக்கா! கோழிக்கூட்டுக்க இருந்து முட்டை போடுங்கோ!" என்று கத்துவாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

மேரியின் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய கொண்டாட்டத்தில் நடந்ததை உப்பளம் முழுக்க ஒரு மாதம் சொல்லிச் சிரித்தது. வீட்டு முற்றத்தில் தகரப் பந்தல். பிளாஸ்டிக் கதிரைகள். சவுண்ட் பொக்சில் பாட்டு. நாற்பது பேர் கையில் சாப்பாட்டுத் தட்டோடு இருந்தார்கள். தூரத்தில் எங்கேயோ மின்னியது. நான் கவனிக்கக்கூட இல்லை. இவருடைய உதடு அசையத் தொடங்கிவிட்டது. பிறகு எழும்பிப் போய்ப் பாட்டுப்பெட்டியின் வயரைப் பிடுங்கினார். "எல்லாரும் வீட்டுக்குள்ள போங்க! இருவத்தஞ்சுதான்! போங்க, போங்க!" என்று சனத்தைக் கோழி அடைக்கிற மாதிரிக் கையை விரித்துத் துரத்தினார். பங்குச்சாமியாரையும் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இரண்டு அறைக்குள் நாற்பது பேர், வியர்வையும் குழம்பு வாசமுமாக, ஒரு மணித்தியாலம் நின்றோம். ஒரு துளி மழை விழவில்லை.

மேரியின் புருசன் அந்தோனி, படகில் தொழிலுக்குப் போகிறவர், சும்மாவே முன்கோபி. "நல்ல நாள் பெருநாளில வந்து அபசகுனம் மாதிரி..." என்று பல்லைக் கடித்தார். மலைநாட்டாக்காவோ, "திட்டுங்க தம்பி. எல்லாரும் முழுசா இருக்கீங்கல்ல, நல்லாத் திட்டுங்க" என்றார்.

ஏன் இந்தப் பயம் என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் மேரிதான் கேட்டாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். மலையில் சித்திரை மாதம் பின்னேரம் தவறாமல் இடி வருமாம். ஒருநாள் கொழுந்து எடுக்கையில் பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் வேலை தொடரவேண்டும், லயத்து வீடுகளுக்கு இறங்க வேண்டாம் என்று கங்காணி சொல்லிவிட்டாராம். ஆறு பெண்கள் ஒரு பெரிய மரத்தின் கீழே ஒட்டிக்கொண்டு நின்றார்களாம். இவரும், இவருடைய அக்காவும் அதில்.

"எனக்கு அடிவயித்துலருந்து பயமா இருந்துச்சு. இங்க நிக்க வேணாம், வா ஓடிரலாம்னு அக்காகிட்ட சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எல்லாரும் சிரிப்பாங்களேன்னு வெக்கமா இருந்துச்சு. சொல்லல."

மேரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"நாலு பேரு அங்கயே போயிட்டாங்க. அக்காவுந்தான். தோட்டத்துல மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் ஓடிவந்து நெஞ்சப் போட்டு அமுக்கி, வாயில ஊதி, மிச்சத்துல ஒரு பொண்ணு எந்திரிச்சு ஒக்காந்துச்சு. எனக்கு ஒன்னும் ஆகல. அன்னியிலருந்து பயந்தா பயந்தேன்னு சொல்லிருவேன். யாரு சிரிச்சா எனக்கென்ன?"

மேரி அன்றைக்கு மட்டும் பகிடி பண்ணவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் கேட்கத் தொடங்கினார். "ஐயா, அந்த விசில உள்ள வர்றதுக்கு ஊதுங்களேன்" என்பார். "உப்பை ஆர் மூடுறது?" என்பேன். ஒருநாள் அதற்கும் ஒரு வழியோடு வந்தார். "இந்த இடி மூனு மணிக்கு முன்னால வந்து நான் பாக்கலீங்க. ரெண்டு மணிக்கே குவியல மூடிக் கட்டிருவோம். அதுக்கப்புறம் வாரறத சின்னச் சின்னதா வரம்புல வச்சிருந்து காலையில சேப்போம். மழை வந்தா சின்னதுதானே போகும். ஆளுங்க தப்பிச்சுக்குவாங்கல்ல."

இதைவிட நேரான யோசனை ஒன்றை அந்த உப்பளத்தில் யாரும் சொன்னதில்லை. எனக்கு அது அப்போதே விளங்கியது, அதுதான் கொடுமை. "பார்ப்பம்" என்றேன். மனேஜரிடம் சொல்லவில்லை. ஒரு கூலிப் பெண் சொன்ன யோசனையைக் கொண்டுபோய், "சேர், இடிக்குப் பயமாக இருக்கிறது" என்று அவர் முன்னால் நிற்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

இரண்டு கிழமை பார்த்துவிட்டு அவரே மனேஜரிடம் போனார். மனேஜர் கதிரையில் சாய்ந்துகொண்டு, "இடியெல்லாம் உங்கட மலையில அம்மா. இஞ்ச கடல்" என்று சொல்லிச் சிரித்து அனுப்பிவிட்டார். அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "உன்ர ஆக்களை அடக்கி வைக்க உனக்கு ஏலாதோ?" என்று கேட்டார். என் தலைக்குமேலால் போய்விட்டாள் என்று எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள்தான் அது நடந்தது.

ஆவணி மாதம். அந்த வருசத்தின் கடைசிப் பெரிய வாரல். குவியல் அதுவரை நான் கண்டதில் உயரமானது. மத்தியானம் போனில் வானிலை எச்சரிக்கை ஒன்று வந்தது: பின்னேரம் இடி மின்னலுடன் மழை பெய்யலாம், வெளியிடங்களைத் தவிர்க்கவும். வாசித்துவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டேன். மூன்றரைக்கு மேற்கு கறுத்தது. மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்த கச்சான் காற்று அப்படியே நின்றுவிட்டது. அவர் பாத்திக்குள் நின்றபடி எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"ஐயா, இருவதுங்க!"

நான் விசில் ஊதினேன்.

பெண்கள் ஓடினார்கள். அவர் ஸ்டோருக்கு ஓடினார். வழமையாக அங்கே போய்ப் பேசாமல் இருப்பவர், அன்றைக்கு வாசலுக்குள் நின்று ஒரு வெறும் எண்ணெய்த் தகரத்தை எடுத்துக் கட்டையால் அடிக்கத் தொடங்கினார். "வாங்கடி! உள்ள வாங்க! பத்துதான்டி! மேரி, எறங்கு! உப்பு போனாப் போவுது, எறங்கு!" அந்தத் தகரச் சத்தம் எலும்பைப் பிடித்து உலுக்கியது. படங்கைப் பிடித்திருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். இரண்டு மூன்று பேர் அதைக் கீழே விட்டுவிட்டார்கள். மேரி உச்சியில் நின்றாள். அவளும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். இறங்கட்டுமா என்று கேட்கிற பார்வை. சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்கு விளங்கியது.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இருபது பெண்களும் அந்த மனுசியின் சொல்லைக் கேட்பதா, என் விசிலைக் கேட்பதா என்று நிற்கிறார்கள். நான் இரண்டாம் முறையும் ஊதினேன். நீளமாக ஊதினேன்.

மேரி குனிந்து படங்கைப் பிடித்தாள்.

வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நான் பாத்திக்குள் விழுந்து கிடந்தேன். காதுக்குள் ஒரே இரைச்சல். எழும்பிப் பார்த்தபோது பெண்கள் நாலா பக்கமும் சிதறி அலறிக்கொண்டிருந்தார்கள். மேரி குவியலின் சரிவில் தலைகீழாகக் கிடந்தாள். இரண்டு பேர் அவளிடம் ஓடினார்கள். நான் கத்தினேன்: "தொடாதேங்கோ! உடம்பில கறண்ட் நிக்கும், தொடாதேங்கோ!" எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். எல்லாரும் சுற்றிவர நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்போது அவர் வந்தார். இடி இன்னும் விடவில்லை. வாழ்நாள் முழுக்க இடிக்கு ஓடி ஒளிந்த மனுசி, அந்த வெட்டவெளியைக் குறுக்கறுத்து ஓடிவந்தார். வாய்விட்டு அழுதுகொண்டு, உடம்பெல்லாம் பதற வந்தார். "தொட்டா ஒன்னும் ஆகாதுடா பாவிகளா! நின்னு பாத்துக்கிட்டு இருக்கீங்களே!" என்று என்னைத் தள்ளிவிட்டு, மேரியை மல்லாக்கப் போட்டு, இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். அமுக்குவார், வாயில் ஊதுவார், மறுபடி அமுக்குவார். மழை கொட்டியது. லொறியை மேரிக்குப் பக்கத்தில் கொண்டுவரும்வரை விடவில்லை, லொறிக்குள்ளும் விடவில்லை. ஆசுபத்திரி வாசலில் தாதிமார் வந்து அவர் கையைப் பிடித்து எடுக்கவேண்டியிருந்தது.

உடனே செய்திருந்தால் சிலவேளை தப்பியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அவர் பொதுவாகத்தான் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

உப்பையும் யாரும் கட்டவில்லை. அது விடிவதற்குள் கரைந்து போயிற்று.

திடீர் மரண விசாரணையில், "அந்த நேரத்தில் அவர்கள் ஏன் வெளியில் நின்றார்கள்?" என்று கேட்டார்கள். "உள்ளே வரச்சொல்லித்தான் நான் விசில் ஊதினேன். இரண்டு முறை ஊதினேன். அவர்கள் வரவில்லை" என்றேன். வாய் கூசாமல் வந்தது அந்தப் பொய். மனேஜர் தலையை ஆட்டினார். மலைநாட்டாக்காவைக் கேட்டபோது, "ரெண்டு தடவ ஊதினது நெசங்க. உள்ள வர இல்ல. வெளிய போக" என்றார். மற்றப் பெண்களைக் கேட்டார்கள். ஒவ்வொருத்தியும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பயத்தில் ஒன்றும் ஞாபகமில்லை என்றாள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த நாளும் அவர்களுக்கு என்னிடம்தான் வேலை.

பிறகு ஒரு கதை கிளம்பியது. யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று தெரியாது, அது என் வாயில்லை. அவ்வளவுதான் எனக்குள்ள ஆறுதல். தகரம் அடித்ததால்தான் இடி இறங்கியதாம். இரும்புச் சத்தம் மின்னலைக் கூப்பிடுமாம். கரிநாக்கு, இத்தனை வருசம் வரும் வரும் என்று சொல்லி வரவழைத்துவிட்டாளாம். ஆசுபத்திரி வளவில் பிரேதத்துக்குக் காத்து நின்ற அந்தோனியின் காதுக்கும் அது போயிற்று. அவர் அந்த மனுசியைத் தேடிப் போய், எல்லாருக்கும் முன்னால் முகத்தில் காறித் துப்பினார். அவர் முந்தானையால் துடைத்துக்கொண்டார். நான் அந்தோனியின் பக்கத்தில் நின்றேன். அவர் தோளில் கை போட்டிருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

எட்டு வருசம் ஆகிறது. அந்த வருசத்தோடு மனேஜர் மாறினார். புதியவர் என்னை ஒரு பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பினார். இப்போது எங்கள் உப்பளத்தில் இரண்டு மணிக்கே குவியலை மூடிக் கட்டிவிடுகிறோம். வேலை ஒன்றும் கெடவில்லை. விசில் ஊதினால் எல்லாரும் ஸ்டோருக்குள் வருகிறார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் இடி மின்னல் பற்றிக் கூட்டம் வைத்தால் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். நான் நன்றாகப் பேசுவேன் என்று பெயர். மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் எண்ணுங்கள், முப்பதுக்குள் வந்தால் உள்ளே போங்கள், அரை மணித்தியாலம் பொறுங்கள், மரத்தின் கீழும் திறந்த கொட்டிலிலும் நிற்காதீர்கள், இடி விழுந்தவரைத் தொடலாம், உடனே நெஞ்சை அமுக்குங்கள். ஒரு சொல்லும் என்னுடையதில்லை.

போன பங்குனியில் இலங்கைத்துறையில் மீன்பிடிகாரருக்கு அப்படி ஒரு கூட்டம். கரையில் நிற்கும் ஆட்கள் மேகத்தைக் கண்டால் படகை இழுக்கக் கடலுக்கு ஓட வேண்டாம் என்று உருக்கமாகப் பேசி முடித்தேன். சனம் கை தட்டியது. பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி எழும்பி வந்தார். முதுகு நன்றாக வளைந்திருந்தது. கிட்ட வந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

"நல்லாச் சொன்னீங்க ஐயா," என்றார். "ஒன்னுகூட விடல. இங்கதான், மக வீட்டுல இருக்கேன்."

"அக்கா, இதெல்லாம் நீங்கள் சொன்னதுதான்..." என்று இழுத்தேன். அவரை நான் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"யாரு சொன்னா என்னாங்க? கேட்டாச் சரி." என் முகத்தைப் பார்த்தார். "ஆனா கேக்க மாட்டாங்க. கை தட்டுவாங்க, மேகத்தக் கண்டா படகுக்குத்தான் ஓடுவாங்க. மேரி எப்படிச் செத்தான்னு சொல்லுங்க. நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க. அப்பத்தான் நம்புவாங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

அதற்குப் பிறகு நாலு கூட்டம் பேசினேன். ஒவ்வொன்றையும் மேரியின் பெயரைச் சொல்லாமலே முடித்தேன். யார் முன்னால் சொல்வதற்கும் முதல் அந்தோனியிடம் சொல்லவேண்டும். அந்த மனுசன் இந்த எட்டு வருசமும் நத்தாருக்கு நத்தார் கிறிஸ்மஸ் கேக் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வருகிறார். மேரிக்குப் பெட்டி எடுத்ததும் குழி வெட்டுவித்ததும் நான்தான் என்று அவருக்கு அவ்வளவு நன்றி.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு உப்புவெளிக்குப் போனேன். அந்தோனி முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கதிரை எடுத்துப் போட்டார். மகளைக் கூப்பிட்டு, "பிள்ளை, அண்ணனுக்குத் தேத்தண்ணி ஊத்து" என்றார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அந்தோனி, உள்ள வரச்சொல்லி ஊதினனான் எண்டு விசாரணையில சொன்னது பொய். குவியலை மூடத்தான் ஊதினனான். அந்த மனுசிதான் கூப்பிட்டவ. உண்மை சொன்னதும் அவதான்."

வலையில் ஓடிக்கொண்டிருந்த ஊசி நின்றது.

"ரெண்டாந்தரமும் ஊதினனீங்களோ?"

"ஓம்."

"மேரி உங்களைத் திரும்பிப் பார்த்தவளோ?"

இதை ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. இருபது வருசம் கூட வாழ்ந்தவர், அவள் என்ன செய்திருப்பாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஓம். பார்த்தவள்."

"பார்த்த பிறகும் ஊதினனீங்கள்."

அவர் வலையில் ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "நான் அந்த மனுசியின்ர முகத்தில துப்பினனான்" என்றார். "அவ எங்க இருக்கிறா?"

இலங்கைத்துறை என்றேன். மகள் வீட்டில் என்றேன்.

குசினிக்குள் கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டது. அந்தோனி எழும்பி வலையைச் சுருட்டினார். உள்ளே பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை, தேத்தண்ணி வேண்டாம். அவருக்கு ஊத்தாத."

அடுத்த நாள் காலமை மகளையும் கூட்டிக்கொண்டு அவர் இலங்கைத்துறைக்குப் பஸ் ஏறினார் என்று அறிந்தேன். என்னைக் கூப்பிடவில்லை. நானும் வருகிறேன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.